ஒரு ஆளுக்கு எவ்வளவு சோறு? முத்துக்குளித்துறையிலிருந்து நம்ம வீட்டு மொட்டை மாடி வரை

இந்த இழை கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க. கடைசியில் உங்க வீட்டு விசேஷத்துக்கு உதவுற ஒரு கணக்கும் இருக்கு.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

போன வருஷம் என் அக்கா மகனுக்கு முதல் பிறந்தநாள். தூத்துக்குடியில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் பந்தல், பலூன், சீரியல் லைட். அதோட இப்போ புதுசா ஒரு வழக்கம் வந்திருக்கு, பார்த்திருப்பீங்க. நீளமா ஒரு மேஜை. அது தெரியாத அளவுக்குப் பழம், பலகாரம், சிக்கன் ரோல், சாண்ட்விச், சாஸ், மயோனைஸ் எல்லாம் பரப்பி வைக்கிறது. வர்றவங்க நின்னுக்கிட்டே கொறிக்கலாம். 'கிரேஸிங் டேபிள்'னு பேர். மேய்ச்சல் மேஜைன்னு வச்சுக்கோங்க.

"நீ டாக்டர். கணக்கு நல்லா வரும். சாப்பாடு ஆர்டரை நீயே பாத்துக்கோ தம்பி"ன்னு அக்கா சொன்னா.

அழைத்தது 60 பேர். நான் போட்ட கணக்கு: மேஜையில் 14 ஐட்டம், ஒவ்வொண்ணும் 60 பேருக்கு. அது போக 10 கிலோ அரிசிக்குச் சிக்கன் பிரியாணி. "குறைஞ்சு போச்சுன்னா அசிங்கம்." இதுதான் என் ஒரே ஃபார்முலா.

வந்தது 48 பேர். ராத்திரி பதினொன்றரைக்குப் பார்த்தால் பிரியாணிச் சட்டியில் பாதி அப்படியே இருக்கு. மனசு கேட்கல. நானே நின்னு பார்சல் கட்டினேன். பக்கத்து ரெண்டு வீடு, தெருமுனை அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணாச்சி வீடு. நல்ல காரியம் பண்ணின திருப்தியோட தூங்கப் போனேன்.

மறுநாள் மதியம் டூட்டியில் இருக்கேன். அண்ணாச்சி அவர் மனைவியைக் கைத்தாங்கலா கூட்டிக்கிட்டு வர்றார். காலையிலிருந்து வயிற்றுப்போக்கு, வயிற்று வலி. பிரஷர் 80-க்கு இறங்கியிருந்தது. பின்னாலேயே ரெண்டு பிள்ளைகள், துவண்டு போய்.

"என்ன சாப்பிட்டீங்க?" இது நாங்க எல்லார்கிட்டயும் கேட்கிற கேள்வி.

"நீங்க குடுத்த பிரியாணிதான் சார். ராத்திரி கொஞ்சம், காலையில கொஞ்சம். ரொம்ப நல்லா இருந்துச்சு சார்."

அவர் குறையாகச் சொல்லல. நன்றியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

டிரிப்ஸ், ஓ.ஆர்.எஸ்., ரெண்டு நாள் அட்மிஷன். மூணு பேரும் நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க. ஆனால் ஒரு கேள்வி என்கிட்டயே தங்கிடுச்சு. ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு சமைக்கணும்? இதை நம்ம முன்னாடி இருந்தவங்க எப்படிக் கணக்குப் போட்டாங்க?

தேடிப் பார்த்தப்போ புரிஞ்சது. நம்ம கடற்கரையில் இது வெறும் சமையல் கேள்வி இல்லை. உயிர் போகிற, உயிர் காக்கிற கேள்வியாகவே இருந்திருக்கு.

முத்துக்குளிப்பிலிருந்து தொடங்குவோம்.

கொற்கை காலத்திலிருந்து நம்ம கரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது முத்து. மன்னார் வளைகுடாவில் கடலுக்கு அடியில் சிப்பி விளையும் திட்டுகளுக்குப் 'பார்'னு பேர். பார்கள் நம்ம பக்கமும் உண்டு, இலங்கைப் பக்கமும் உண்டு. எல்லா வருஷமும் சிப்பி விளையாது. விளைஞ்ச வருஷம் அரசாங்கம் அறிவிப்புக் கொடுக்கும். உடனே ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மணல்கரையில், சில வாரத்தில் ஒரு ஊரே முளைக்கும்.

1905-ஐ எடுத்துக்கோங்க. இலங்கைக் கரையில் மறிச்சுக்கட்டி என்கிற இடம். 300-க்கும் மேற்பட்ட படகுகள். சுமார் 5,000 முத்துக்குளிப்போர். தூத்துக்குடி, கீழக்கரை ஆட்கள் மட்டுமில்லை, அரபு நாட்டுக்காரங்களும் வந்திருந்தாங்க. அந்த ஒரு பருவத்தில் எடுத்த சிப்பி சுமார் 8 கோடி. ஏலத்தில் அரசுக்கு வந்த பணம் சுமார் 25 லட்சம் ரூபாய், அந்தக் காலத்து மதிப்பில்.

குளிக்கிறவருக்குக் கயிறு பிடிக்க ஒரு ஆள். படகோட்ட ஆட்கள். சிப்பி வாங்க வியாபாரிகள், தரம் பிரிக்கிறவங்க, துளை போடுறவங்க, கடைக்காரங்க, போலீஸ், கோர்ட், ஆஸ்பத்திரி. எல்லாம் அந்த மணலில், ஓலைக் கூரைக்குக் கீழே.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். பேச்சுக்கு 30,000 பேர்னு வச்சுக்கோங்க. உடம்பு உழைப்புக்காரர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ அரிசின்னாலும் தினம் 15,000 கிலோ. 100 கிலோ மூட்டையில் 150 மூட்டை, ஒவ்வொரு நாளும். குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர்னா தினம் 90,000 லிட்டர் நல்ல தண்ணீர், உப்புக் கடல் ஓரத்தில். இது ஒரு நாள் விருந்து இல்லை. வாரக்கணக்கில் நடக்கும்.

வேலை நேரத்தையும் பாருங்க. நடுராத்திரி வாக்கில் தரைக்காற்றைப் பிடிச்சுப் படகு கிளம்பும். விடியும்போது பாருக்குப் போய்ச் சேரும். கல்லைக் கட்டிக்கிட்டு இறங்குவாங்க, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவாங்க, ஏறுவாங்க. மதியம் வரை திரும்பத் திரும்ப இதே. அப்புறம் கடல்காற்றில் கரைக்குத் திரும்புவாங்க. வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு மூச்சடக்கி ஆழத்துக்குப் போக முடியாது. அதனால் நாளின் முக்கியமான சாப்பாடு கரை திரும்பிய பிறகுதான். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசி.

இதில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வச்சது.

சிப்பியை எண்ணுவதில் அவ்வளவு கறார். கரைக்கு வந்ததும் வேலிக்குள் கொண்டுபோய் மூணு பங்காகப் பிரிக்கணும். ரெண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. ஆயிரம் ஆயிரமா எண்ணி ஏலம். ஆனால் எத்தனை வாய் வரும்? வியாபாரி எத்தனை பேரைக் கூட்டிக்கிட்டு வருவார்? சூதாட, பிச்சை எடுக்க, வேடிக்கை பார்க்க எத்தனை பேர்? அதை யாரும் முன்கூட்டி எண்ணிட முடியாது.

வாங்கின சிப்பியை அப்படியே குவிச்சு அழுக விடுவாங்க. சதை அழுகினால்தான் கழுவி முத்தை எடுக்க முடியும். ஒரு வாரம், பத்து நாள். கோடிக்கணக்கான சிப்பி அழுகுற இடத்தில் ஈ எவ்வளவு இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அதே ஈதான் சோற்றுப் பானையிலும் உட்காரும். திறந்தவெளி மலம், குறைந்த தண்ணீர், நெரிசல், ஈ. ஒரு டாக்டரா நான் இதைப் படிக்கும்போது மனசில் வர்ற வார்த்தை ஒண்ணுதான். காலரா.

கடலில் சுறா கடிக்காம இருக்க மந்திரம் சொல்றதுக்குன்னே ஒருத்தர் இருந்தார். 'கடல்கட்டி'ன்னு பேர். அவர் இல்லாம பலர் கடலில் இறங்க மாட்டாங்க. அவருக்குச் சிப்பியில் பங்கும் உண்டு. சுறாவைக் கட்ட ஆள் இருந்தது. காலராவைக் கட்டத்தான் ஆள் இல்லை.

காலராவுக்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884-ல். அதுக்கு எளிய வைத்தியம் பெரிய அளவில் நிரூபணமானது 1971-ல். பங்களாதேஷ் போரில் தப்பி வந்த அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்க வச்சுக் காட்டினார். இன்னைக்கு நான் வாட்ச்மேன் அண்ணாச்சி பிள்ளைகளுக்குக் கொடுத்த ஓ.ஆர்.எஸ். அதோட வாரிசுதான்.

நம்ம பக்கம் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அதுக்கப்புறம் இல்லை. ஆனால் அந்த முகாம்கள் சொல்ற பாடம் பழசாகல. கூட்டத்துக்குச் சாப்பாடு திட்டமிடுறதுன்னா சோறு மட்டுமில்லை. தண்ணீர், நேரம், ஈ, கை கழுவ இடம் எல்லாம் சேர்ந்ததுதான் திட்டம்.

சரி, ஒரு ஆளுக்கு எவ்வளவு? இந்தக் கேள்விக்கு நம்ம மாகாணத்தில் ஒரு டாக்டர் அரசாங்கத்தோடயே சண்டை போட்டார். அந்தக் கதைக்கு வர்றேன்.

1876 முதல் 1878 வரை. தாது வருஷப் பஞ்சம். அப்போ நம்ம ஊரெல்லாம் சென்னை மாகாணத்தில் திருநெல்வேலி ஜில்லாவுக்குள் இருந்தது. மாகாணம் முழுக்கப் பசி. நிவாரண வேலைன்னு கால்வாய் வெட்டவும் ரோடு போடவும் ஆட்களைச் சேர்த்து, கூலியாகத் தானியத்துக்கான காசு கொடுத்தாங்க.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வர்றார். அவருக்குக் கிடைச்ச உத்தரவு சிக்கனம். அவர் போட்ட கணக்கு: நாள் முழுக்க வெயிலில் வேலை செய்யும் ஒரு ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும். அதாவது 450 கிராம். மேல்செலவுக்குக் கையில் கொஞ்சம் காசு. பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு.

அப்போ சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ். அவர் எழுந்து, இது போதாதுன்னு சொன்னார். குறைந்தபட்சம் ஒன்றரைப் பவுண்டு, அதாவது சுமார் 680 கிராம் தானியம் வேணும். அதோட பருப்பும் காய்கறியும் வேணும். வேலை வாங்கிக்கிட்டு இதைக்கூடக் கொடுக்கலைன்னா உடம்பு உருகிச் சாகும்.

நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. 450 கிராமில் சுமார் 1,575. 680 கிராமில் சுமார் 2,380. இன்னைக்கு நம்ம தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கடும் உழைப்புள்ள ஆணுக்குச் சொல்ற அளவு ஒரு நாளைக்கு 3,470 கலோரி. அந்தக் காலத்து ஆள் இன்னும் சின்ன உடம்புன்னு வச்சுக்கிட்டாலும், டெம்பிள் கொடுத்தது பாதிக்குப் பக்கம்.

அதே வருஷம் சென்னை அரசு பாதி இறங்கி வந்தது. சுமார் 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு. கார்னிஷ் கேட்டது முழுசா கிடைக்கல. அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் செத்தவங்க 50 லட்சத்துக்கும் மேல்னு வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுறாங்க.

இங்கதான் நான் நின்னேன்.

டெம்பிளும் கணக்குப் போட்டார். கார்னிஷும் கணக்குப் போட்டார். ரெண்டு பேரும் கிராம் கணக்குத்தான் பேசினாங்க. வித்தியாசம் எங்கே? ஒருத்தர் கஜானாவுக்காகக் கணக்குப் போட்டார். இன்னொருத்தர் சாப்பிடுறவர் உடம்புக்காகப் போட்டார்.

நம்ம வீட்டில் விசேஷம்னா "அளந்து சமைக்கிறது கஞ்சத்தனம்"னு ஒரு பேச்சு இருக்கு. இல்லீங்க. யாருக்காக அளக்கிறோம் என்பதில்தான் கஞ்சத்தனமும் அக்கறையும் பிரியுது.

அக்கறையா அளந்த ஒரு இடம் நம்ம மாவட்டத்திலேயே இருக்கு. எட்டயபுரம்.

1956-ல் முதலமைச்சர் காமராஜர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அங்கதான். அதுக்கு முன்னாடியே 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், தியாகராய செட்டியார் காலத்தில், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட முன்னோடி முயற்சி உண்டு. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமா விரிவாக்கினார். 2022-ல் மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கட்சி எதுவானாலும், இந்த வரிசையில் எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடினாங்க. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு?

இன்னைக்குப் பள்ளி மதிய உணவுக்கு நாடு முழுக்க உள்ள அளவு இது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 450 கலோரி, 12 கிராம் புரதம். 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 150 கிராம் தானியம், 700 கலோரி, 20 கிராம் புரதம்.

சத்துணவு அமைப்பாளர் அக்கா ஒருத்தரை உங்களுக்குத் தெரிஞ்சால் கேட்டுப் பாருங்க. காலையில் வருகைப் பதிவைப் பார்த்துட்டுத்தான் அரிசி அளப்பாங்க. பதிவேட்டில் பேர் 80 இருக்கலாம், இன்னைக்கு வந்தது 71-னா 71-க்குத்தான் உலை. நான் பத்து வருஷம் படிச்சும் செய்யாததை அவங்க தினமும் செய்றாங்க. அழைத்தவர் எண்ணிக்கை வேற, வருகிறவர் எண்ணிக்கை வேற.

அப்போ விருந்து? விருந்தில் அளவு பார்க்கலாமா?

நம்ம பக்கத்து ஊர் காயல்பட்டினத்துக் களரிச் சாப்பாடு சாப்பிட்டிருக்கீங்களா? நெய்ச்சோறு, களரிக் கறி, கத்தரிக்காய் மாங்காய். ஒரே பெரிய தட்டில், சகன்னு சொல்வாங்க, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுறது வழக்கம். ஒரு சகனுக்கு எத்தனை பேர் என்பது ஊருக்கு ஊர் மாறும். இலங்கை முஸ்லிம்களிடம் அதையே சவன்னு சொல்லி ஆறு பேர் வரை உட்காருவாங்க.

இதில் கணக்குக்கு ஒரு அழகு இருக்கு. சமைக்கிறவருக்கு "எத்தனை பேர்?" என்பதைவிட "எத்தனை சகன்?" என்பது சுலபம். ஒருத்தர் அதிகம் சாப்பிடுவார், ஒருத்தர் குறைவா சாப்பிடுவார். ஒரே தட்டில் சராசரி ஆகிடும். பத்தலைன்னா அந்தத் தட்டுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வரும்.

நம்ம சர்ச் பண்டிகைகளில் அசனம் போடுவாங்களே, அதையும் பாருங்க. ஊரே சேர்ந்து அரிசியும் ஆடும் கொடுத்து, பெரிய பெரிய சட்டியில் சமைச்சு, ஜாதி மதம் பார்க்காம வர்ற எல்லாருக்கும் போடுறது. கல்யாண வீட்டுப் பந்தியும் அப்படித்தான். முதல் பந்தி, ரெண்டாம் பந்தி, மூணாம் பந்தி. முதல் பந்தியில் போகிற வேகத்தைப் பார்த்து அடுத்த உலையில் எவ்வளவு போடணும்னு பண்டாரி முடிவு பண்ணுவார்.

பந்தி என்பது சும்மா உட்காருற வரிசை இல்லை. சூடா சமைச்சு, சூடா போட்டு, பார்த்துப் பார்த்து அடுத்ததைச் சமைக்கிற முறை.

மேய்ச்சல் மேஜை இதுக்கு நேர் எதிர். எல்லாத்தையும் ஒரே நேரத்தில் பரப்பிடுறோம். ஏழு மணிக்கு வச்ச சிக்கன் ரோல் பத்து மணிக்கும் அங்கேயே இருக்கு. போட்டோவுக்கு மேஜை காலியா தெரியக் கூடாது. டெம்பிள் கஜானாவுக்காகக் கணக்குப் போட்டார்னா, நான் போட்டோவுக்காகக் கணக்குப் போட்டேன். சாப்பிடுறவர் உடம்பு ரெண்டு கணக்கிலும் இல்லை.

உடம்பில் என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்றேன்.

சமைச்ச சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் சூடா இருக்கணும், இல்லைன்னா 5 டிகிரிக்குக் கீழ் குளிரா இருக்கணும். நடுவில் இருக்கிறது கிருமிக்குக் கொண்டாட்டம். அந்த நடு வெப்பத்தில் அதிகபட்சம் 2 மணி நேரம். வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில்னா 1 மணி நேரம்தான். நம்ம தூத்துக்குடியில் வருஷத்தில் பல மாதம் அப்படித்தான்.

சோற்றில் 'பேசில்லஸ் சீரியஸ்'னு ஒரு கிருமி. அதோட விதை மாதிரியான வடிவம் கொதியிலும் சாகாது. சோறு ஆறிக் கிடக்கும்போது முளைக்கும். அது விடுற ஒரு நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சில மணி நேரத்தில் வாந்தி.

பெரிய சட்டிக் கறியில் 'கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ்'. சின்னச் சட்டி சீக்கிரம் ஆறும். பெரிய சட்டி நடுவில் மணிக்கணக்கா வெதுவெதுன்னு இருக்கும். அதுதான் இதுக்குத் தொட்டில். சாப்பிட்டு 8 முதல் 16 மணி நேரத்தில் வயிற்று வலி, பேதி. வாட்ச்மேன் அண்ணாச்சி வீட்டில் நடந்த நேரக்கணக்கு இதோட பொருந்துது. தேவைக்கு ரெண்டு மடங்கா சமைச்ச அந்தப் பெரிய சட்டிதான் காரணம்னு எனக்குத் தோணுது.

மயோனைஸ் பத்திச் சொல்லவே வேண்டாம். பச்சை முட்டையில் செய்றதுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டு தடையே போட்டது.

சரி, இப்போ கணக்கு. குறிச்சு வச்சுக்கோங்க.

முதலில் தலை. அழைத்தவர்களுக்கு முந்தின நாள் ஒரு போன் போட்டு வர்றவங்களை மட்டும் எண்ணுங்க. 12 வயசுக்குக் கீழ் பிள்ளைகளை அரை ஆளா எடுங்க. 45 பெரியவங்க, 15 பிள்ளைகள்னா 52 அல்லது 53 ஆள் கணக்கு.

ரெண்டாவது, வயிறு. ஒரு பெரியவர் ஒரு வேளைக்குச் சாப்பிடுறது மொத்தமா சுமார் அரைக் கிலோ சமைத்த உணவு. நீங்க 2 ஐட்டம் வச்சாலும் 14 ஐட்டம் வச்சாலும் வயிறு அதேதான். வகை கூடினால் கொஞ்சம் அதிகம் சாப்பிடுவோம், உண்மை. ஆனால் 14 மடங்கு சாப்பிட மாட்டோம். அதனால் மொத்த எடையை முதலில் முடிவு பண்ணுங்க. 53 ஆளுக்கு 26, 27 கிலோ. அதுக்குள்ள எல்லா ஐட்டமும் பங்கு போடணும். ஐட்டம் கூடக் கூட ஒவ்வொண்ணின் அளவும் குறையணும்.

மூணாவது, பிரியாணி. பிரியாணி மட்டும்னா 1 கிலோ அரிசிக்கு 8 முதல் 10 பேர். 53 ஆளுக்கு 6 கிலோ தாராளம். முன்னாடி மேஜையில் ஆளுக்கு 150 கிராம் கொறிக்க வச்சிருந்தால் 1 கிலோவுக்கு 12 பேர்னு போடலாம். நாலரைக் கிலோ போதும். நான் போட்டது 10.

நாலாவது, நேரம். மேஜையில் எல்லாத்தையும் ஒண்ணா பரப்பாதீங்க. மூணு பந்தியா நினைச்சுச் சின்னச் சின்னத் தட்டில் கொண்டு வாங்க. பழைய தட்டு மேலேயே புதுசைக் கொட்டாதீங்க. தட்டையே மாத்துங்க.

அஞ்சாவது, தண்ணீர். குடிக்க ஆளுக்கு 1 லிட்டர். அது போகக் கை கழுவச் சோப்போட ஒரு குழாய், சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்திலேயே.

ஆறாவதுதான் முக்கியம். "குறைஞ்சிடுமோ"ங்கிற பயம் எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருக்கு. அந்த உபரியை வைங்க, ஆனால் பிரியாணியில் வைக்காதீங்க. கெட்டுப் போகாததில் வைங்க. நம்ம ஊர் மக்ரூன், கோவில்பட்டிக் கடலைமிட்டாய், முறுக்கு, நறுக்காத வாழைப்பழம். மீந்தால் ஒரு வாரம் கழிச்சுக்கூட கடலைமிட்டாயைக் கொடுக்கலாம். யாரும் வார்டுக்கு வர மாட்டாங்க.

மீதியைக் கொடுக்கிறது நல்ல மனசுதான். ஆனால் பதினொன்றரைக்கு முடிவு பண்ணாதீங்க. எட்டரைக்கே சட்டியைப் பாருங்க. மிஞ்சும்னு தெரிஞ்சால் சூடா இருக்கும்போதே எடுத்துக் கொடுத்துடுங்க. நமக்கு நாளைக்குச் சாப்பிடத் தயக்கமா இருக்கிறதை இன்னொருத்தருக்குக் கொடுக்கிறது தர்மம் ஆகாது.

மீறி வயிற்றுப்போக்கு வந்துட்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருக்கிற தண்ணீர் அளவை அப்படியே கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் குடுங்க. மலத்தில் ரத்தம், குடிச்சது எதுவும் நிக்காத வாந்தி, 6 மணி நேரமா சிறுநீர் வரல, பிள்ளை துவண்டு கிடக்கு. இதில் எது இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. மெடிக்கல் ஷாப்பில் பேதி நிக்கிற மாத்திரை வாங்கிப் பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க.

கடைசியா ஒண்ணு.

இந்த வருஷம் மருமகனுக்கு ரெண்டாவது பிறந்தநாள். அக்கா திரும்பவும் என்கிட்டயே கணக்கைக் கொடுத்தா. "இந்தத் தடவை ஒழுங்கா போடுல"ன்னு மட்டும் சொன்னா.

மேஜை சின்னதாச்சு. 5 ஐட்டம். பிரியாணி 5 கிலோ. போன் போட்டுக் கேட்டதில் 56 பேர் வர்றதா சொன்னாங்க. நான் நோட்டில் 60-ன்னு எழுதினேன்.

"யார் அந்த நாலு பேர்?"ன்னு அக்கா கேட்டா.

வாட்ச்மேன் அண்ணாச்சி, அவர் மனைவி, ரெண்டு பிள்ளைகள். ராத்திரி பார்சலுக்கு இல்லை. ஏழரை மணிக்கு, சட்டி திறந்ததும் முதல் பந்திக்கு.

அன்னைக்கு மீந்தது ஒரு தட்டு பிரியாணியும், ஒரு டப்பா மக்ரூனும். பிரியாணியை ஒன்பதரைக்கு நானே சாப்பிட்டேன். மக்ரூன் பிள்ளைகள் கையில் போச்சு.

உங்க வீட்டில் விசேஷத்துக்குச் சாப்பாட்டுக் கணக்குப் போடுறது யாரோ, அவங்களுக்கு இதை அனுப்பி வைங்க.